கூடாரத்தின் தரையில் படகு கட்டியவர்



போன செமஸ்டரில் எங்க டீம் ஒரு மினி ப்ராஜெக்ட் எடுத்தோம். முதுகுல சுமக்கிற மாதிரி இலேசான ஒரு டென்ட், ராத்திரி அதுவே படுக்கை. ஒரே பொருள், ரெண்டு வேலை. பேப்பர்ல பார்க்க சூப்பரா இருந்துச்சு. ஹாஸ்டல் மொட்டை மாடியில் ஒரு ராத்திரி அதுக்குள்ள படுத்து டெஸ்ட் பண்ணினேன். விடியும்போது எழுந்து பார்த்தா சட்டை முழுக்க ஈரம். மழை ஒரு சொட்டுகூட பெய்யல. நான் விட்ட மூச்சும் என் வியர்வையும்தான் காற்றுப் போகாத அந்தத் துணியில் பட்டு, தண்ணியாகி, திரும்ப என் மேலேயே சொட்டியிருக்கு!

இந்தப் பிரச்சினையை வேற யாராவது சந்திச்சிருக்காங்களான்னு தேடும்போதுதான் ஒருத்தரைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டேன். அவருக்கும் இதே தொல்லை. ஆனா அவர் இருந்தது மொட்டை மாடியில் இல்லை, மைனஸ் 40 டிகிரியில். அவர் பெயர் ஃப்ரிட்யோஃப் நான்சன். அவரைத் துருவப் பயணி என்று நீங்க கேள்விப்பட்டிருக்கலாம். நான் அவரை ஒரு டிசைனராகப் பார்க்கிறேன். ஏன் என்று இந்தக் கட்டுரையைப் படிச்சு முடிச்சதும் நீங்களே சொல்லுங்க.

யார் இந்த நான்சன்?

1861 அக்டோபர் 10ஆம் தேதி, நார்வே நாட்டின் தலைநகருக்குப் பக்கத்தில் பிறந்தார். இன்றைக்கு ஒஸ்லோ என்று சொல்கிற அந்த ஊருக்கு அப்போது கிறிஸ்டியானியா என்று பெயர். அப்பா வழக்கறிஞர். பையனுக்குக் காடும் பனியும்தான் உலகம். ஸ்கீ கட்டிக்கொண்டு பனியில் போவதில் கெட்டிக்காரர். கல்லூரியில் விலங்கியல் படித்தார். 1882இல், இருபது வயதில், சீல் வேட்டைக்குப் போகும் ஒரு கப்பலில் ஏறி வடதுருவக் கடலுக்குப் போனார். அந்தக் கப்பல் பனியில் மாட்டிக்கொண்டு நின்றபோது தூரத்தில் கிரீன்லாந்தின் கிழக்குக் கரை தெரிந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து அது அவர் மனதை விட்டுப் போகவே இல்லை.

ஊர் திரும்பியதும் பெர்கன் நகர அருங்காட்சியகத்தில் வேலை. மைக்ரோஸ்கோப்பில் குனிந்து சின்ன உயிரினங்களின் நரம்பு மண்டலத்தை ஆராய்ந்தார். அதிலேயே டாக்டர் பட்டமும் வாங்கினார். பட்டம் வாங்கியது 1888இல், கிரீன்லாந்துக்குக் கிளம்புவதற்குச் சில நாட்கள் முன்னால்! ரிவ்யூ முடிஞ்ச மறுநாளே பையைத் தூக்கிக்கிட்டு ட்ரெக்கிங் போற நம்ம சீனியர்ஸ் ஞாபகம் வருதா?

திரும்பி வர வழி இல்லாத பிளான்

கிரீன்லாந்தின் உள்பகுதி முழுக்க ஒரே பனிப்பாளம். அதைக் குறுக்கே கடந்தவர் அதுவரை யாரும் இல்லை. முன்னால் முயன்றவர்கள் மக்கள் வாழும் மேற்குக் கரையிலிருந்து கிளம்பி, கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். நான்சன் இதைத் தலைகீழாக யோசித்தார். மேற்கிலிருந்து கிளம்பினால் போகவும் வேண்டும், அதே தூரம் திரும்பவும் வேண்டும். அப்படியானால் உணவும் எரிபொருளும் இரண்டு மடங்கு. கிழக்கிலிருந்து கிளம்பினால் ஒரு வழிப் பயணம்தான், சுமை பாதியாகும். ஆனால் முக்கியமான ஒரு சிக்கல் இருக்கிறது. அவர் இறங்கப் போகும் கிழக்குக் கரையில் அண்டிப் பிழைக்க ஊர் எதுவும் கிடையாது. பாதி வழியில் பயந்தாலும் திரும்புவதற்கு இடம் இல்லை. முன்னால் போனால்தான் உயிர்.

பலர் இதைப் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். நார்வே அரசு பணம் தரவில்லை. டென்மார்க் வணிகர் அகஸ்டின் காமெல் கொடுத்த பணம்தான் கைகொடுத்தது.

நான்சனோடு சேர்த்து மொத்தம் ஆறு பேர். ஓட்டோ ஸ்வெர்ட்ரப், டீட்ரிக்சன், கிறிஸ்டியன்சன் மூவரும் நார்வேக்காரர்கள். பால்ட்டோ, ராவ்னா இருவரும் வடக்கே வாழும் சாமி இனத்தவர்கள். இழுக்க நாயும் இல்லை, மானும் இல்லை. ஆளுக்குச் சுமார் 100 கிலோவை அவர்களே இழுக்க வேண்டும். இப்போது சொல்லுங்க, இந்த நிலைமையில் எடையைக் குறைப்பது டிசைன் மார்க்குக்கான விஷயமா, உயிர் விஷயமா?

மூன்று பேருக்கு ஒரு படுக்கை

நான்சன் ஒவ்வொரு பொருளையும் தானே யோசித்துச் செய்ய வைத்தார். ஸ்லெட்ஜ் வண்டிகள் ஆஷ் மரத்தில் செய்தவை. மூட்டுகளில் ஆணி அடிக்கவில்லை, கட்டி இறுக்கியிருந்தார்கள். மேடு பள்ளத்தில் ஏறும்போது வண்டி உடையாமல் வளைந்து கொடுக்கும்.

படுக்கைக்கு வருவோம். ஆறு பேருக்கு ஆறு ஸ்லீப்பிங் பேக் என்பதுதானே நம் கணக்கு? அவர் எடுத்துப் போனது இரண்டே இரண்டு. ஒன்றுக்குள் மூன்று பேர் படுக்க வேண்டும். ரெயின்டீர் தோல், முடி உள்பக்கம். அந்த மானின் முடி உள்ளே வெற்றிடமாக இருக்கும். அதில் சிக்கி நிற்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. ஹீட் டிரான்ஸ்ஃபர் படித்தவர்களுக்கு மீதியைச் சொல்லவே வேண்டாம். மூன்று பேர் ஒட்டிப் படுத்தால் ஒவ்வொருவருடைய உடம்பிலும் குளிருக்கு வெளிப்படும் பரப்பு குறைகிறது. மூன்று தனிப் பைகளைவிட ஒரு பெரிய பைக்குத் தோலும் குறைவாகப் போதும். ஒருவர் உடம்பின் சூடு மற்றவருக்கு ஹீட்டர். ஒருத்தர் புரண்டா மூணு பேரும் புரளணும், அது வேற கதை!

கூடாரம் இன்னும் சுவாரசியம். அது ஒரே துணி இல்லை, ஐந்து துண்டுகள். இரண்டு பக்கச் சுவர்கள், முன்னும் பின்னும் ஒவ்வொன்று, கீழே நீர் புகாத பாய்மரத் துணியில் ஒரு தரை. ராத்திரி ஐந்தையும் கயிற்றால் கோத்தால் வீடு. பகலில் காற்று நல்ல திசையில் அடித்தால் துண்டுகளைப் பிரித்து ஸ்லெட்ஜுக்குப் பாய்மரமாகக் கட்டிவிடலாம். படுக்கும் தரையே வண்டியை ஓட்டும் எஞ்சின்.

இதெல்லாம் வேலை செய்ததா? பாதி செய்தது, பாதி காலை வாரியது. துண்டுகளைக் கோத்த இடங்களில் இடைவெளி இருந்தது. புயல் அடித்த இரவுகளில் மாவு மாதிரிப் பனித்தூள் அந்த இடைவெளி வழியாக உள்ளே புகுந்து, தூங்குகிறவர்கள் மேல் படிந்தது. கூடாரத்தை ஒரே துணியாகத் தைத்திருக்க வேண்டும் என்று நான்சனே பிறகு ஒப்புக்கொண்டார். இரண்டு வேலை செய்யும் பொருளுக்கு ஒரு விலை உண்டு, அந்த விலை பெரும்பாலும் ஜாயின்ட்டில்தான் இருக்கிறது. எங்க ப்ராஜெக்ட்டும் சரியா அங்கதான் சொதப்பியது. கூரைக்குத் தண்ணீர் புகாத துணி வேணும், படுக்கைக்குக் காற்றுப் போகிற துணி வேணும். ரெண்டையும் ஒரே துணியில் கேட்டோம்.

உணவிலும் ஒரு தப்பு நடந்தது. வாங்கிப் போன பெம்மிகன் என்ற காய்ந்த இறைச்சியில் கொழுப்பே இல்லை. வழி முழுக்க ஆறு பேரும் கொழுப்புக்காக ஏங்கினார்கள்.

பனியில் ஓடிய பாய்மரம்

1888 ஜூலை 17 அன்று ஜேசன் என்ற கப்பல் அவர்களைக் கரைக்குத் தொலைவில் பனிக்கட்டிகள் நடுவே இறக்கிவிட்டது. இரண்டு படகுகளில் கிளம்பினார்கள். ஆனால் நீரோட்டம் அவர்களைப் பனிக்கட்டியோடு சேர்த்துத் தெற்கே இழுத்துக்கொண்டு போனது. கரையைத் தொட்டது ஜூலை 29. இழந்த தூரத்தை ஈடுகட்ட மறுபடி வடக்கே துடுப்புப் போட்டு, ஆகஸ்ட் 15ஆம் தேதிதான் பனிப்பாளத்தில் ஏறத் தொடங்கினார்கள்.

ஏற்றம், புயல், தாகம். சுற்றிலும் பனிதான், ஆனால் உருக்க எரிபொருள் அளவாகத்தான் உண்டு. செப்டம்பர் தொடக்கத்தில் 2,700 மீட்டர் உயரத்தைத் தாண்டினார்கள். இரவில் குளிர் மைனஸ் 40க்கும் கீழே போனது. அந்த இரண்டு தோல் பைகளும் இல்லையென்றால் ஆறு பேரில் ஒருவர்கூட விடியலைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

செப்டம்பர் 19 அன்று கிழக்கிலிருந்து பலமான காற்று. ஸ்லெட்ஜுகளைச் சேர்த்துக் கட்டி, பாய் விரித்தார்கள். வாரக்கணக்கில் இழுத்து இழுத்துத் தேய்ந்த மனிதர்கள் அன்றைக்குப் பனியின் மேல் பறந்தார்கள். மேற்குக் கரையின் மலைகள் முதல் முறையாகக் கண்ணில் பட்டது அன்றுதான். இருட்டும் நேரம் முன்னால் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. நான்சன் வண்டியை நிறுத்திப் பார்த்தால், அது பனிப்பாளத்தில் விழுந்திருந்த பெரிய பிளவு. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

தரை படகானது

ஒருவழியாக மேற்கே ஒரு கடல் கழி ஓரம் இறங்கினார்கள். ஊர் போய்ச் சேர இன்னும் கடல் வழிதான் நல்லது. ஆனால் படகுகளைக் கிழக்குக் கரையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். என்ன செய்வது?

கூடாரத்தின் தரை ஞாபகம் இருக்கா? அதே துணிதான். பக்கத்தில் புதராக வளர்ந்திருந்த வில்லோ கிளைகளை வெட்டி வளைத்து, மூங்கில் கம்புகளையும் சேர்த்து ஒரு சட்டம் கட்டினார்கள். அதன்மேல் கூடாரத் தரையை இழுத்துத் தைத்தார்கள். தையல் வேலை கப்பலோட்டியான ஸ்வெர்ட்ரப்புடையது. நீளம் 2.56 மீட்டர், அகலம் 1.42 மீட்டர். பார்க்க ஆமை ஓட்டைக் கவிழ்த்த மாதிரி இருந்ததாம். கவட்டைக் கிளையில் துணி தைத்து மூங்கிலில் கட்டியதுதான் துடுப்பு. அதில் இரண்டு பேர்தான் உட்கார முடியும். நான்சனும் ஸ்வெர்ட்ரப்பும் ஏறினார்கள். படகு ஒழுகியது, சூப் டப்பாவால் தண்ணீரை இறைத்துக்கொண்டே துடுப்புப் போட்டார்கள். அக்டோபர் 3ஆம் தேதி, இன்றைக்கு நூக் என்று அழைக்கப்படும் கோட்ஹாப் ஊரைத் தொட்டார்கள். ஜேசன் கப்பலை விட்டு 78 நாள். மற்ற நால்வரும் பிறகு வந்து சேர்ந்தார்கள். அந்த வருடத்தின் கடைசிக் கப்பலைப் பிடிக்க முடியவில்லை, அதனால் குளிர்காலம் முழுக்க அங்கேயே தங்கி கிரீன்லாந்து மக்களிடம் கயாக் ஓட்டவும் வேட்டையாடவும் கற்றார் நான்சன்.

ஒரு துணி எத்தனை வேலை பார்த்தது என்று எண்ணிப் பாருங்க. ராத்திரி தரை, பகலில் பாய், கடைசியில் படகு.

ஒரே பையில் இரண்டு பேர்

அடுத்த கதை எல்லோருக்கும் தெரிந்தது, சுருக்கமாகச் சொல்கிறேன். உருண்டையான அடிப்பாகம் உள்ள ஃப்ராம் என்ற கப்பலை காலின் ஆர்ச்சர் என்பவரைக் கொண்டு கட்ட வைத்தார். பனி நெருக்கினால் கப்பல் நொறுங்காமல் மேலே தூக்கப்படும் என்பது கணக்கு. 1893இல் கிளம்பி, வேண்டுமென்றே பனியில் மாட்டிக்கொண்டு, பனியோடு மிதந்தார்கள். துருவத்துக்கு அது போகாது என்று தெரிந்ததும், 1895 மார்ச் 14 அன்று நான்சனும் ஹியால்மார் யோஹான்சனும் நாய்கள், ஸ்லெட்ஜுகள், இரண்டு கயாக்குகளோடு கப்பலை விட்டு இறங்கினார்கள். பட்டுத் துணியில் இலேசான ஒரு கூடாரம். இருவருக்கும் ஒரே ஸ்லீப்பிங் பேக்.

என் மொட்டை மாடிப் பிரச்சினை இங்கேதான் வருகிறது. பகலில் வடிந்த வியர்வை உடையிலேயே உறைந்து கவசம் மாதிரி ஆனது. நான்சனின் கோட்டுக் கை உரசி உரசி மணிக்கட்டில் புண்ணே வந்துவிட்டது. ராத்திரி பைக்குள் புகுந்தால் அந்தப் பனி உடம்புச் சூட்டில் மெல்ல உருகும். முதல் ஒரு மணி நேரத்துக்கு மேல் பல் கிட்டிக்கொண்டு நடுக்கம், அப்புறம் ஈரத்திலேயே தூக்கம். அதற்கு அவரிடமும் தீர்வு இல்லை. இலேசான தங்குமிடத்தில் வெளியே இருக்கும் தண்ணீரைத் தடுப்பது சுலபம், உள்ளே நாமே உண்டாக்கும் தண்ணீரை வெளியேற்றுவதுதான் கஷ்டம்.

86 டிகிரி 14 நிமிடம் வரை போனார்கள். அதுவரை மனிதர் யாரும் அவ்வளவு வடக்கே போனதில்லை. அங்கேயே துருவ ஆசையை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். அந்தக் குளிர்காலத்தை ஃப்ரான்ஸ் ஜோசஃப் லேண்டில் ஒரு குழி தோண்டி, கல் அடுக்கி, வால்ரஸ் தோலைக் கூரையாகப் போட்டுக் கழித்தார்கள். அங்கே தனித்தனியாகப் படுத்துப் பார்த்தார்கள், குளிர் தாங்கவில்லை. மறுபடி ஒரே பைக்குள் வந்துவிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. மாதக்கணக்கில் ஒரே பைக்குள் தூங்கிய இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நீங்க, வாங்க, போங்க என்றுதான் பேசிக்கொண்டார்களாம். நீ என்று கூப்பிடலாம் என்று முடிவானது 1895 முடிந்த புத்தாண்டு இரவில்தான் என்று சொல்வார்கள். 1896 ஜூனில் ஃப்ரெடரிக் ஜாக்சன் என்ற ஆங்கிலேயப் பயணியைத் தற்செயலாகச் சந்தித்து, ஆகஸ்டில் ஊர் திரும்பினார்கள்.

கடைசி டிசைன்: ஒரு தாள்

இத்தோடு கட்டுரை முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். நான்சன் செய்த மிக இலேசான தங்குமிடம் இனிமேல்தான் வருகிறது.

முதல் உலகப் போர் முடிந்தது. ஊர் திரும்ப முடியாமல் போர்க் கைதிகள் பல நாடுகளில் கிடந்தார்கள். 1920இல் சர்வதேச சங்கம் அந்த வேலையை நான்சனிடம் கொடுத்தது. இரண்டு வருடத்தில் சுமார் 4,27,000 பேரை வீட்டுக்கு அனுப்பி வைத்தார். அடுத்தது ரஷ்யாவில் பஞ்சம். பணம் கேட்டு அரசுகளிடம் மன்றாடினார், அரசுகள் கை விரித்தன. கிடைத்த நன்கொடைகளை வைத்து ஓடினார். பல லட்சம் பேர் செத்துப் போனார்கள்.

அதே நேரத்தில் இன்னொரு கூட்டம். புரட்சிக்குப் பிறகு ரஷ்யாவை விட்டு ஓடிய லட்சக்கணக்கான மக்களின் குடியுரிமையை 1921இல் சோவியத் அரசு ரத்து செய்துவிட்டது. கையில் பேப்பர் இல்லை. பேப்பர் இல்லாதவருக்கு எல்லை திறக்காது, வேலை கிடைக்காது, வாடகைக்கு வீடு கிடைக்காது. கிரீன்லாந்தில் நான்சன் திரும்பும் வழியைத் தானே வெட்டிக்கொண்டார், அது அவர் எடுத்த முடிவு. இந்த மக்களுக்கோ வேறு யாரோ வெட்டிவிட்டார்கள்.

1922 ஜூலையில் ஒரு சின்ன ஆவணம் உருவானது. நான்சன் பாஸ்போர்ட் என்று பெயர். நாடு இல்லாதவர் இன்னார்தான் என்று சொல்லும் ஒரே ஒரு தாள். 50க்கும் மேற்பட்ட அரசுகள் அதை ஏற்றன. சுமார் 4,50,000 பேருக்குக் கிடைத்தது. இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி, ஓவியர் ஷகால், எழுத்தாளர் நபோகோவ் எல்லோரும் அதை வைத்திருந்தவர்கள்தான். அந்த வருடமே அமைதிக்கான நோபல் பரிசும் நான்சனுக்கு வந்தது. பரிசுப் பணத்தை நிவாரணத்துக்கே கொடுத்தார்.

இந்த டிசைனிலும் ஜாயின்ட்டில் ஓட்டை இருந்தது. ஆரம்பத்தில் அந்தத் தாளை வைத்து நீங்க வெளியே போகலாம், ஆனா தாள் கொடுத்த நாட்டுக்கே திரும்பி வர உரிமை இல்லை! அதனால் பல நாடுகள் உள்ளே விடத் தயங்கின. 1926இல் அதைச் சரிசெய்ய ஏற்பாடு வந்தது. முதலில் ரஷ்யர்களுக்கு மட்டும் இருந்ததை 1924இல் ஆர்மீனியர்களுக்கும், 1928இல் வேறு சிலருக்கும் விரித்தார்கள். கூடாரத்தை மறுபடி தைப்பது மாதிரிதான்.

எல்லாம் ஜெயிக்கவில்லை. ஆர்மீனிய அகதிகளைக் குடியமர்த்த அவர் போட்ட பெரிய திட்டத்துக்கு நாடுகள் பணம் தரவில்லை. அவரோடு ஒரே பையில் தூங்கிய யோஹான்சன், ஊர் திரும்பிய பிறகு நிம்மதியாக வாழவில்லை, 1913இலேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பனியில் இரண்டு பேரைக் காப்பாற்றிய அந்தப் பை ஊருக்குள் ஒருவரைக் காப்பாற்றவில்லை. இதைப் படிச்சப்ப எனக்கு ரொம்ப நேரம் ஒரு மாதிரியா இருந்துச்சு.

1930 மே 13 அன்று ஒஸ்லோ அருகே தன் வீட்டில் நான்சன் இறந்தார். வயது 68.

நண்பர்களே, எங்க ப்ராஜெக்ட் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. கூரையையும் படுக்கையையும் ஒரே துணியாக்குவதை விட்டுட்டோம். வெளியே தண்ணீர் புகாத துணி, உள்ளே காற்றுப் போகிற பருத்தித் துணி, நடுவில் கையளவு இடைவெளி. எடை கொஞ்சம் கூடிடுச்சு, ஆனா இரண்டாவது டெஸ்ட்ல சட்டை நனையல. ரிவ்யூவில் எடை ஏன் கூடியதுன்னு கேட்டாங்க. ராத்திரி உள்ளே ஒரு ஆள் மூச்சு விடுவார், அந்தக் கணக்கை முதல் டிசைன்ல மறந்துட்டோம்னு சொன்னேன்.

நீங்களும் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ஐடியா தேடிக்கிட்டு இருந்தா, உள்ளே யார் படுக்கப் போறாங்கன்னு முதல்ல ஒரு வரி எழுதிக்கிட்டு ஆரம்பிங்க. மெட்டீரியல் அப்புறம் பார்த்துக்கலாம்.